கலர் கோழிக்குஞ்சு சோர்ந்து கிடக்கிறது, எப்படிக் காப்பாற்றுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: மகள் ஆசைப்பட்டாள் என்று நேற்று சாயங்காலம் சந்தையில் நான்கு கலர் குஞ்சுகள் வாங்கி வந்தீர்கள். காலையில் பார்த்தால் இரண்டு செத்துக் கிடந்தன. ஒன்று நன்றாக ஓடுகிறது. பச்சைக் கலர் குஞ்சு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அரிசி போட்டும் தின்னவில்லை. பால் கொடுக்கலாமா, என்ன மருந்து வாங்குவது, அடுக்குமாடி வீட்டில் இதை வளர்க்க முடியுமா?

பால் வேண்டாம். அரிசியும் வேண்டாம். மருந்துக் கடைக்கும் இப்போது ஓட வேண்டாம். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பச்சைக் குஞ்சை எடுத்து, அதன் பாதம் உங்கள் கன்னத்தில் படும்படி வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அதற்கு இப்போது வேண்டியது சூடு மட்டும்தான். மின்விசிறியை நிறுத்துங்கள். குஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி, மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அப்படியே உட்கார்ந்து படிக்கலாம்.

நான் நாமக்கல் பக்கத்துக்காரி. வீட்டில் கோழி இல்லாத நாள் இருந்ததில்லை. இத்தனை வருடத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்ட வரிசை ஒன்று உண்டு: முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அதற்கும் அப்புறம்தான் தீனி. வீடுகளில் சாகும் குஞ்சுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை நோயில் சாவதில்லை. இந்த வரிசை மாறிப்போவதால் சாகின்றன. சோர்ந்திருக்கிறதே, பாவம், பசியாக இருக்கும் என்று வாயைப் பிளந்து ஊட்டுகிறோம். குளிர்ந்துபோன உடம்பில் செரிமானம் நடக்காது. ஊட்டியது இரைப்பையில் அப்படியே தங்கிப் புளிக்கும். பாதி நேரம் அது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அக்கறைதான் குஞ்சைக் கொன்றது என்பது ஊட்டியவருக்குத் தெரிவதே இல்லை.

இந்தக் கலர் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால், உங்கள் குஞ்சு ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். இவை முட்டைக் கோழிப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிப்பகங்களில் பொரிக்கப்படும் வெள்ளை லெகார்ன் வகைக் குஞ்சுகள். முட்டைப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். பொரித்த அன்றே ஆண் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். கறிக்கும் இவை சீக்கிரம் வளராது என்பதால் ஏறக்குறைய விலையே இல்லாமல் கைமாறும். இயற்கையில் மஞ்சளாக இருப்பதால் சாயம் நன்றாகப் பிடிக்கும். சாயம் போட்டதும் ஈரம் காயக் காய உடம்புச் சூடு இறங்கும். அதன்பிறகு கூடைகளில் அடைத்து ஊர் ஊராகப் பயணம், வெயில், காற்று, இரவு.

கோழிக்குஞ்சு முட்டையைவிட்டு வெளியே வருவதற்குச் சற்று முன்பு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் முதல் இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமலே தாக்குப்பிடிக்கிறது. அடைக்கோழி மற்ற முட்டைகளும் பொரியட்டும் என்று எழுந்திருக்காமல் காத்துக் கிடப்பதற்கு இந்தக் கட்டுச்சோறுதான் துணை. சந்தையில் விற்பவர்களுக்கும் அதுவே வசதியாகப் போய்விட்டது. குஞ்சு உங்கள் கைக்கு வரும்போது அந்தச் சோறு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று இரவுதான் அதற்கு மிக மோசமான இரவு. அந்த இரவில் இரண்டு போய்விட்டதற்கு நீங்கள் ஏதோ தப்பு செய்தீர்கள் என்று அர்த்தமில்லை. சூடு வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் திறமை வர இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை தாயின் இறக்கைதான் அதற்கு அடுப்பு. தாய் இல்லாத குஞ்சுக்கு அந்த அடுப்பை நாம் செய்துகொடுக்க வேண்டும்.

எங்கள் அம்மாயி இதற்காக ஒரு முறத்தில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டிப் போட்டு, சமையல் முடிந்து தணல் மட்டும் இருக்கும் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைப்பார். நான் பத்து வயதில் முதன்முதலாகக் காப்பாற்றிய குஞ்சு, மழையில் பஞ்சாரத்துக்கு வெளியே விடுபட்டு ராத்திரி முழுக்க நனைந்தது. கண் மூடி, கால் விறைத்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. செத்துவிட்டது என்று நான் அழ, அம்மாயி அதை வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். "உசுரு இருக்குது, கையிலயே வெச்சுக்க, கீழ வெக்காத" என்றார். துண்டால் ஒற்றி எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தேன். கால்மணி நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் என் உள்ளங்கையில் லேசாக ஒரு நடுக்கம். அதுவரை நடுங்கக்கூட அதற்குத் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாதம் என் விரலைவிடச் சூடாகியிருந்தது. அப்புறம் ஒரு கண் திறந்தது. என் கட்டைவிரல் நகத்தை ஒரு கொத்து கொத்தியது. நகம் வெள்ளையாகத் தெரிந்ததால் தீனி என்று நினைத்திருக்கும். அந்தக் கொத்து இன்னும் எனக்கு விரலில் இருக்கிறது. நடுக்கம், பாதச் சூடு, கண், கொத்து. உங்கள் குஞ்சும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் திரும்பி வரும்.

சரி, கையிலேயே நாள் முழுக்க வைத்திருக்க முடியாது. ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். இரண்டு குஞ்சுக்கு டிவி பெட்டியெல்லாம் வேண்டாம், ஒன்றரை இரண்டு அடி நீளம் போதும். பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்இடி பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. கடையில் கேட்டு, பழைய மாதிரி இழை பல்பாக வாங்குங்கள். பல்ப் குஞ்சின் தலைக்கு ஒரு அடி மேலே இருக்கட்டும். ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். பெட்டியின் குறுக்கே ஒரு கம்பு வைத்து அதில் கம்பியால் கட்டுங்கள். அட்டையிலோ துணியிலோ பல்ப் படக்கூடாது, தீப்பிடிக்கும்.

ஒரு மூலையில் மட்டும் பல்ப் இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சூடு போதவில்லை என்றால் குஞ்சு பல்பின் கீழே வரும், அதிகமானால் எதிர் மூலைக்குப் போகும். பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் தப்பிக்க வழியில்லாமல் வெந்துபோகும். முதல் வாரம் பல்புக்குக் கீழே குஞ்சு நிற்கும் உயரத்தில் சுமார் 35 டிகிரி இருக்க வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். அறையில் மாட்டும் சாதாரண வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கீச் கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர். வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டி, மூலையில் ஒதுங்கி நின்றால் சூடு அதிகம். அங்கும் இங்கும் மேய்ந்துகொண்டு, நடுநடுவே மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொள்வதுபோல் சத்தம் கேட்டால் சரியாக இருக்கிறது. சோர்ந்த குஞ்சு சத்தமே போடாது. அது மறுபடி கத்த ஆரம்பித்தால் எரிச்சல்படாதீர்கள், அது நல்ல செய்தி.

கரண்ட் போனால் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றி, பெட்டிக்குள் படுக்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் பகலில் பல்ப் தேவையே இருக்காது, அறையே 35 டிகிரிக்குப் போய்விடும். அந்த மாதங்களில் பகலில் அணைத்துவிட்டு, பின்னிரவில் மறக்காமல் போடுங்கள். வெயில் நல்லது என்று குஞ்சை மாடியில் வெயிலில் வைப்பது மட்டும் கூடாது. சோர்ந்த குஞ்சு நகர்ந்து நிழலுக்குப் போகாது.

பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கும், கால் இரண்டு பக்கமும் அகண்டுபோகும். நூல் பிரியாத பழைய பருத்தித் துணி முதல் நான்கைந்து நாளுக்கு நல்லது, அழுக்கானதும் மாற்றிவிடலாம். அப்புறம் நெல் உமி போடலாம். ஆரம்பத்திலேயே உமி போட்டால் தீனி எது, உமி எது என்று தெரியாமல் உமியைத் தின்றுவிடும்.

பாதம் சூடாகி, கண் திறந்து, தலையை நிமிர்த்திய பிறகுதான் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையோ வெல்லமோ கரையுங்கள். உப்பு சேர்க்காதீர்கள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல உப்பு சர்க்கரை கரைசல் போட்டு, அளவு கொஞ்சம் தவறினாலும் 40 கிராம்கூட இல்லாத உடம்புக்கு அது தாங்காது. வாயைப் பிளந்து ஊற்றவும் கூடாது. கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அலகின் பக்கவாட்டில், இரண்டு அலகும் சேரும் கோட்டில் வையுங்கள். சொட்டு தானாக உள்ளே இழுபடும். குஞ்சு தலையைத் தூக்கி அலகை அசைத்து விழுங்கும். அப்புறம் அடுத்த சொட்டு. நாலைந்து சொட்டு போதும், பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி. கொஞ்சம் தெம்பு வந்ததும் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுங்கள். மூக்குத் துளை நனையக்கூடாது. இரண்டு மூன்று முறை தொட்டால் தானே குடிக்கக் கற்றுக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீர் முதல் நாளுக்கு மட்டும்தான். அதற்கு மேல் கொடுத்தால் வயிறு இளகும். அப்புறம் வெறும் தண்ணீர்.

பெட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் வைக்காதீர்கள். பாட்டில் மூடி போதும், அதிலும் நாலு கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போட்டு வையுங்கள். சோர்ந்த குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில் முகம் கவிழ்ந்தே செத்துப்போகும். நனைந்தால் மறுபடி குளிரும், செய்த வேலையெல்லாம் வீண்.

இனி தீனி. அரிசியை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், முழு அரிசியை அரைக்க அதன் வயிற்றில் இன்னும் மணலும் சிறுகல்லும் சேரவில்லை, அரிசியில் சத்தும் போதாது. கால்நடைத் தீவனக் கடையில் "குஞ்சுத் தீவனம்" அல்லது "ஸ்டார்ட்டர்" என்று கேளுங்கள், சில்லறையாக ஒரு கிலோ அரை கிலோ கொடுப்பார்கள். அதில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வளரும் குஞ்சுக்கு அதுதான் வேண்டும். கடை திறக்கும்வரை மக்காச்சோள ரவை, இல்லையென்றால் கம்பைக் கொரகொரப்பாக உடைத்தது போதும். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, மிளகளவு கலந்து கொடுக்கலாம். முட்டைக் கருவை அதிகம் கொடுத்தால் பின்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், அதனால் மிளகளவு என்றால் மிளகளவுதான். சோர்ந்த குஞ்சுக்குத் தீவனத்தை வெந்நீரில் பிசிறி ஈரமாகக் கொடுத்தால் சுலபமாகத் தின்னும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். பால், பிரெட், மிக்சர், மிச்சச் சோறு எதுவும் வேண்டாம். குறிப்பாகப் பால், கோழிக்குச் செரிக்காது.

வாயில் திணிக்காமல் தின்ன வைக்க ஒரு வழி இருக்கிறது. தாய்க்கோழி என்ன செய்யும்? கொக் கொக் என்று கூப்பிட்டுத் தரையைக் கொத்திக் காட்டும். நீங்களும் துணியில் தீவனத்தைத் தூவி, விரல் நகத்தால் அதன்மேல் டொக் டொக்கென்று வேகமாகத் தட்டுங்கள். ஓடியாடும் அந்த இன்னொரு குஞ்சு உடனே வந்து கொத்தும். அதைப் பார்த்துப் பச்சைக் குஞ்சும் கழுத்தை நீட்டும். தட்டும் வேலையை உங்கள் மகளிடம் கொடுங்கள். குழந்தைகள் இதை நம்மைவிடப் பொறுமையாகச் செய்வார்கள். தின்றதா இல்லையா என்று தெரிய, கழுத்து முடியும் இடத்தில் வலப் பக்கமாக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். இரைப்பை அங்கேதான் இருக்கிறது. தின்றிருந்தால் பட்டாணி மாதிரி மெத்தென்று தட்டுப்படும். ராத்திரி படுக்கும் முன் அங்கே ஒன்றும் இல்லையென்றால், எழுப்பி இன்னொரு முறை தட்டிக்காட்டித் தின்ன வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் குஞ்சு கூனிக்குறுகியே நின்றால், வாலைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள். குளிரில் இருந்த குஞ்சுகளுக்கு எச்சம் இளகி வந்து, மயிரில் ஒட்டி, காய்ந்து, மலத்துவாரத்தையே அடைத்துவிடும். அடைத்த குஞ்சு ஒரு நாள் இரண்டு நாளில் செத்துவிடும். ஆனால் சரிசெய்வது மிகச் சுலபம், அதனால்தான் பார்க்காமல் விடுவது எனக்குப் பொறுக்காது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். காய்ந்ததைப் பிய்க்காதீர்கள், மயிரோடு தோலும் கிழிந்து வரும். ஊறியதும் தானே வழுக்கி வரும். துடைத்து, காயவைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அடுத்த நாலைந்து நாள் காலையும் மாலையும் பாருங்கள், மறுபடி ஒட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மலத்துவாரம் வாலுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதற்கும் கீழே, வயிற்றுப் பக்கம், கறுப்பாகச் சின்னப் பொருக்கு ஒன்று இருந்தால் அது தொப்புள். அழுக்கு என்று நினைத்து அதைப் பிய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளிருப்பது வெளியே வந்துவிடும், தொடவே தொடாதீர்கள். தொப்புள் ஈரமாக, வீங்கிச் சிவந்து, வயிறு உப்பி, கெட்ட வாடை வந்தால் அது பொரித்தபோதே தொப்புள் வழியாகக் கிருமி ஏறியது. பீட்டாடின் ஒரு சொட்டு தொட்டுவைத்து கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். ஆனால் அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதை முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

காலைப் பாருங்கள். நிற்க முயன்று இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, வயிறு தரையில் தட்டுகிறதென்றால், பிளாஸ்டிக் கூடையிலும் அட்டையிலும் வழுக்கி வழுக்கி இப்படி ஆகியிருக்கும். பேண்டேஜ் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, நீளவாக்கில் மெல்லியதாக வெட்டி, பஞ்சுப் பகுதி நடுவில் வரும்படி இரண்டு காலையும் விலங்கு மாட்டியதுபோல் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் இயல்பாக நிற்கும் அளவு இடைவெளி, ஒரு அங்குலம் இருக்கட்டும், இறுகக் கட்டாதீர்கள். முதலில் விழும், அரை நாளில் பழகிவிடும். தினமும் அவிழ்த்துப் பாருங்கள். பொரித்த முதல் சில நாளுக்குள் கட்டினால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், ஒரு வாரம் தாண்டினால் எலும்பு அப்படியே நின்றுவிடும். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு முஷ்டி மாதிரி இருந்தால் அது வேறு, பி2 வைட்டமின் குறைவு. கால்நடை மருந்துக் கடையில் கோழிகளுக்கான பி காம்ப்ளக்ஸ் திரவம் கிடைக்கும். போத்தலில் இருப்பது நூறு குஞ்சுக்கான அளவாக இருக்கும், ஒரு குஞ்சுக்கு எத்தனை சொட்டு என்று கேட்டு வாங்குங்கள்.

மருந்து என்றதும் கடைகளில் ஆன்டிபயாடிக் பவுடரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்களாக வாங்கிக் கரைத்துக் கொடுக்காதீர்கள். குளிரில் சோர்ந்த குஞ்சுக்கு அது எந்த நன்மையும் செய்யாது, வயிறுதான் கெடும். எச்சத்தில் ரத்தம், மூச்சு விடும்போது கரகரவென்ற சத்தம், பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, இவற்றில் எது இருந்தாலும் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். கோழிக்குஞ்சுதானே என்று கூச்சப்பட வேண்டாம். போகும்போது வெந்நீர் பாட்டிலும் பெட்டிக்குள் இருக்கட்டும், வழியில் குளிர்ந்துவிடும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளில் நான் முதலில் சொல்வது எறும்பு. அசையாமல் கிடக்கும் குஞ்சின் கண்ணையும் தொப்புளையும் தேடி வரும், ஒரு ராத்திரி போதும். பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அது குஞ்சுக்கும் விஷம். அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு லிக்விட், ஊதுபத்தி, வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. சமையலறையிலும் வைக்காதீர்கள், நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். ராத்திரி பெட்டியின் மேல் கம்பி வலை ஒன்றைப் போட்டுவிடுங்கள். பூனை வராத மாடியிலும் எலி வரும்.

சாயம் போகட்டும் என்று குஞ்சைக் குளிப்பாட்டவே கூடாது. பல பேர் இதைச் செய்துதான் குஞ்சை இழக்கிறார்கள். இப்போதிருக்கும் மயிர் உதிர்ந்து இறகு முளைக்க முளைக்கப் பச்சை தானாகப் போய்விடும். நாலைந்து வாரத்தில் வெள்ளைக் கோழியாக நிற்கும்.

தூங்கும்போது குஞ்சு கால்களைப் பின்னால் நீட்டி, கழுத்தைத் தரையில் போட்டு, செத்ததுபோலவே கிடக்கும். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும். பெட்டியை லேசாகத் தட்டிப் பாருங்கள், எழுந்து நின்றுவிடும். எழுந்தால் கவலை வேண்டாம், தூங்க விடுங்கள். சும்மா சும்மா தூக்கிக் கொஞ்சுவதும் அதற்குக் களைப்புதான்.

ஓடியாடும் குஞ்சைச் சோர்ந்த குஞ்சோடு விடலாமா என்றால், முதல் நாள் நடுவில் ஒரு வலைத் தடுப்பு வையுங்கள். ஒன்றை ஒன்று பார்க்கட்டும், ஆனால் ஏறி மிதிக்க வேண்டாம். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். எழுந்து விலகத் தெம்புள்ள குஞ்சுக்கு அது பொருந்தும். படுத்துக் கிடக்கும் குஞ்சைக் கூடப் பிறந்ததே மிதித்துக் கொன்றுவிடும். பச்சைக் குஞ்சு தானே தின்னத் தொடங்கியதும் தடுப்பை எடுத்துவிடுங்கள். தனியாக இருக்கும் குஞ்சு கத்திக் கத்தியே களைத்துப்போகும், துணை அதற்கு மருந்து. ஊரில் யார் வீட்டிலாவது குஞ்சோடு திரியும் தாய்க்கோழி இருந்தால் அதோடு சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சில கோழிகள் ஏற்கும், சில கோழிகள் நிறம் வேறாகத் தெரிந்தாலே கொத்தி விரட்டும். இந்த நிலையில் இருக்கும் குஞ்சை வைத்து அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

எப்போது நம்பலாம்? சூடு கொடுத்து இரண்டு மணி நேரத்தில் தலை நிமிர்ந்தால், அன்று ராத்திரிக்குள் தானாக ஒரு வாய் தின்றால், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். ஒரு கிராம் ஏறினாலும் ஏற்றம்தான். சூடான பெட்டியிலும் பாதம் ஜில்லென்றே இருந்து, வாய் பிளந்து, கழுத்து பின்னால் வளைந்துகொண்டே போனால் அது போகப்போகிறது. அப்போது எதையும் ஊட்டிக் கஷ்டப்படுத்தாமல் சூட்டில், சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். மகளிடம் மறைக்காதீர்கள். காலையில் இரண்டைப் பார்த்துவிட்டாள், அவளுக்குத் தெரியும். இறந்ததை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள், குப்பையில் போட வேண்டாம்.

குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், நீங்களும் அவளும். கன்னத்தில் பாதத்தை வைத்துப் பார்த்த இடத்தையும் கழுவிவிடுங்கள். குஞ்சுகளின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், குழந்தைகளுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும். முத்தம் கொடுப்பது, முகத்தோடு வைத்துக் கொஞ்சுவது வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் தொடவே விடாதீர்கள்.

பிழைத்துத் தேறிவிட்டால் அடுத்தது தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவார்கள். மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் வருவதால் இரண்டு குஞ்சுக்காக உடைக்க மாட்டார்கள். கால்நடை மருந்தகத்தில் என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டு அன்று கொண்டுபோங்கள்.

அடுக்குமாடியில் வளர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். நாலைந்து வாரம் வரை பெட்டியிலும் பால்கனியிலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் முடியாது. இவை இரண்டுமே அநேகமாகச் சேவல். மூன்று நான்கு மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்குக் கூவ ஆரம்பிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்தாலும் இரண்டு சேவலும் ஒன்றையொன்று பொறுக்காது. மண்ணில் சீய்த்து, கரையான் பொறுக்கித் தின்று, புழுதியில் புரள வேண்டிய உயிர் அது. உடம்பெல்லாம் இறகு மூடி, ராத்திரி பல்ப் இல்லாமலே தூங்கப் பழகியதும், உங்கள் ஊர்ப்பக்கம் கோழி வளர்க்கும் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். இவை கறிக்கோழி ஆகுமா ஆகாதா என்பதை அவர்களிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், மகள் பின்னால் கேட்பாள். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். கொடுக்கும்போது மிச்சமிருக்கும் தீவனத்தையும் ஒரு வாரத்துக்குக் கட்டிக்கொடுங்கள். தீனி சட்டென்று மாறினால் புது இடத்தில் கழிய ஆரம்பித்துவிடும், பாதிக்குப் பாதி கலந்துதான் மாற்ற வேண்டும்.